குற்றவியல்: யாரைப் பற்றிய கல்வி?

பல்கலைக்கழகத்திலே குற்றவியலைப் பட்டப்படிப்பாக மேற்கொள்ளப் போவதாக ஒரு மாணவனோ மாணவியோ வீட்டிலே கூறினால், பெரியோர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "பொலிஸிலே சேருவதற்கா?" கேட்பவர் அறியாமையாற் கேட்கிறார் என்று நாம் நகைத்துவிடலாகாது. அக்கேள்விக்குள்ளே ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. இப்பட்டப்படிப்பு மெய்யாகவே பொலிஸ் நிலையத்தின் முற்றத்திலே பிறந்ததுதான். அங்கு பிறந்த பிள்ளை வளர்ந்து, தன்னைப் பெற்றவர்களையே கேள்வி கேட்கத் தலைப்பட்டபோது அதற்கு நேர்ந்த கதியையும் வரலாறு பதிந்து வைத்திருக்கின்றது. இக்கல்வியை நாடுவோரும், அவர்களை அனுப்பி வைக்கும் நாமும் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலிலே, குற்றவியல் என்பது யாது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒருவன் குற்றஞ் செய்தானா என்று கேட்பது சட்டம். எவ்வாறு செய்தான், எத்தடயத்தை விட்டுச் சென்றான் என்று கேட்பது தடயவியல். ஏன் செய்தான், அவனைச் சமுதாயம் எவ்வாறு நடத்துகின்றது என்று கேட்பது குற்றவியல். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடிப்படையான இன்னொரு கேள்வியும் உண்டு: எச்செயலைக் குற்றமென்று வகுத்தவர் யார்? அவ்வாறு வகுத்ததனால் நன்மை பெற்றவர் யார்? இக்கேள்வியைப் பல்கலைக்கழகங்கள் மிகப் பிந்தியே கேட்டன. கேட்டவர்களும் எளிதிலே பொறுத்துக்கொள்ளப்படவில்லை.

1764 ஆம் ஆண்டிலே, இத்தாலியின் மிலான் நகரத்தைச் சேர்ந்த செசாரே பெக்காரியா என்ற 26 வயது இளைஞர் குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். நூலிலே ஆசிரியர் பெயர் இருக்கவில்லை; பெயரிட அஞ்சவேண்டிய காலம் அது. சித்திரவதையினாற் பெறப்படும் வாக்குமூலம் உண்மையை நிலைநாட்டாது. உடல்வலிமை வாய்ந்த குற்றவாளியைத் தப்பவிட்டு, வலிமையற்ற நிரபராதியைத் தண்டிக்கவே அது உதவும் என்றார் அவர். தண்டனையின் கொடுமையன்று, அது தவறாது வந்து சேரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் வாதம். மரண தண்டனையை அவர் மறுத்தார். அவ்வாறு மறுக்கும் அதிகாரத்திலே, கள்வன் ஒருவனைக் கற்பனையாகப் பேசவைத்து, தன்னை வறுமையிலே தள்ளிய இச்சட்டங்களை ஆக்கியவர் யார் என்று அவனைக் கொண்டே கேட்பித்தார். செல்வரும் வலியோருமே ஆக்கினர் என்பது அக்கள்வனின் விடை. ஆகவே, இத்துறையின் முதல் நூலிலேயே அடிப்படைக் கேள்வி எழுந்துவிட்டது எனலாம். ஆனால் பின்வந்தோர் அதனை நெடுங்காலம் மறந்தே போயினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காற்று வேறு திசையில் வீசியது. 1861 இல் இத்தாலி ஒரே இராச்சியமாக இணைந்த பின்னர், அதன் தென்பகுதியின் வறிய குடியானவர் புதிய வரிகளையும் கட்டாய இராணுவ சேவையையும் எதிர்த்துக் கிளர்ந்தனர். வடபுலத்து இராணுவம் அவர்களைக் கொள்ளைக்காரர் என்று கூறி அடக்கியது. அவ்விராணுவத்தோடு தெற்கே சென்ற வைத்தியர்களுள் ஒருவர் செசாரே லொம்புறோசோ. 1870 ஆம் ஆண்டளவிலே, கலாபிரியாவைச் சேர்ந்த வில்லெல்லா என்ற வறியவன் ஒருவனின் மண்டையோட்டை ஆராய்ந்தபோது, அதன் பின்புறத்தின் உட்பகுதியிலே வழக்கத்துக்கு மாறான ஒரு சிறு பள்ளத்தை அவர் கண்டார். குற்றவாளி என்பவன் மனித வளர்ச்சியிலே பின்தங்கிப் போன ஒரு பிறவி. அவன் பிறக்கும்போதே குற்றவாளி. நெற்றியும் தாடையும் காதும் அதனைக் காட்டிக் கொடுக்கும் என்ற கொள்கையை அப்பள்ளத்தின் மேலேதான் அவர் கட்டியெழுப்பினார். 1876 இல் அவருடைய நூல் வெளிவந்தது. 1885 இல், அவர் வழியில் நின்ற நீதவான் றபாயேல் கறொஃபாலோ குற்றவியல் என்ற பெயரையே தம் நூலுக்குத் தலைப்பாகச் சூட்டினார்.

கிளர்ச்சி ஒன்றின் காரணத்தை நிலத்திலும் வரியிலும் தேடாமல் மண்டையோட்டிலே தேடியதுதான் இவ்விஞ்ஞானத்தின் பிறவிக்குறை. நிலமற்றவனின் நெற்றியை அளந்தவர்கள் நிலவுடைமையாளனின் காணியை அளக்கவில்லை. லொம்புறோசோ சேகரித்தவற்றைக் கொண்ட அரும்பொருட்சாலை 2009 இலே தூரின் நகரில் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வில்லெல்லாவின் ஊரவர் தம்மவனின் மண்டையோட்டைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் வரை சென்றனர் என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

இக்கொள்கை விஞ்ஞான முறையாலேயே வீழ்த்தப்பட்டது. இங்கிலாந்தின் சிறைச்சாலை வைத்தியராயிருந்த சார்ள்ஸ் கோரிங், 3,000 கைதிகளுக்கு அளவெடுத்து, அவற்றைப் படைவீரரின் அளவுகளோடும் பல்கலைக்கழக மாணவரின் அளவுகளோடும் ஒப்பிட்டார். 1913 இல் வெளியான அவருடைய நூல், குற்றவாளிக்கென்று தனியானதோர் உடலமைப்பு இல்லை என்று நிறுவியது. பட்டப்படிப்பு மாணவனையும் சிறைக்கைதியையும் ஒரே அளவுநாடாவினால் அளந்தபோது, தோற்றத்திலே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் காணமுடியவில்லை. கோரிங்கும் குறைபாடுகளை விட்டவரல்லர். அறிவுக்குறைவு பரம்பரையாக வந்து குற்றத்துக்கு வழிகோலுகிறதென அவர் நம்பினார். எனினும் அவர் எடுத்த அளவுகள் உண்மையைக் கூறின.

ஐரோப்பாவிலே இவ்விவாதங்கள் நடந்த காலத்தில், பிறவிக் குற்றவாளி என்ற எண்ணம் நமது அயலிலே சட்டமாகவே ஆக்கப்பட்டுவிட்டது. 1871 இல், லொம்புறோசோவின் நூல் வருவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, பிரித்தானிய இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. ஒருவன் செய்த செயலுக்காகவன்றி, அவன் பிறந்த குலத்துக்காக அவனைப் பதிவு செய்யவும், ஊரைவிட்டு நீங்காமற் கட்டுப்படுத்தவும் அச்சட்டம் இடங்கொடுத்தது. 1911 இன் திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் அது விரிந்தது. கள்ளர், குறவர் முதலிய மக்கள் கைரேகை பதியவும், இரவிலே பொலிஸ் நிலையத்தில் வந்து தங்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரில் 3 ஆம் நாள் மக்கள் இதனை எதிர்த்து நின்றபோது, பொலிஸார் சுட்டதிலே ஒரு பெண் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947 இலும், இந்தியா முழுவதிலும் 1952 இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது, ஆனால் அது ஒட்டிய பெயர் எளிதிலே உரிந்து விழவில்லை.

நம் நாட்டின் கதையும் வேறன்று. இலங்கையிலே 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், பிழைப்புக்கு வழி காட்ட முடியாது அலைபவனைத் தண்டனைக்குரியவனாக்கியது. கோப்பித் தோட்டங்கள் பெருகிக் கூலியாட்களுக்குத் தேவை மிகுந்திருந்த காலம் அது என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும். வேலையின்மை ஒரு துன்பம் என்ற நிலை மாறி, அதுவே ஒரு குற்றமாயிற்று.

கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலே மறுகுரல்கள் எழுந்தன. ஒல்லாந்தரான வில்லெம் பொங்கர், 1905 இல் வெளியிட்ட தமது ஆய்விலே, குற்றத்துக்கும் பொருளாதார நிலைமைகளுக்கும் உள்ள உறவை மார்க்சீய நோக்கிலே விளக்கினார். மனிதனை மனிதன் போட்டியாளனாக மட்டுமே காணும்படி செய்யும் ஒழுங்கு, சுயநலத்தை வளர்த்துக் குற்றத்துக்கு உரமிடுகிறது என்பது அவர் முடிபு. ஏழையின் குற்றத்தை மட்டுமன்றிச் செல்வனின் குற்றத்தையும் அவர் ஆராய்ந்தார். நாசிகளை இடையறாது எதிர்த்து வந்த அவர், 1940 மே மாதத்திலே ஜெர்மனியப் படைகள் ஒல்லாந்துக்குள் புகுந்தபோது தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அமெரிக்காவிலே சிக்காகோ நகரத்துச் சமூகவியலாளர் வேறொரு வழியாக இவ்வுண்மையை அணுகினர். கிளிபோர்ட் ஷோ, ஹென்றி மக்கே ஆகிய இருவரும், சிறுவர் குற்றங்களை நகரின் படத்திலே குறித்துப் பார்த்தனர். தொழிற்சாலைகளை அடுத்த வறிய பகுதிகளிலே குற்றம் எப்பொழுதும் மிகுந்திருந்தது. அங்கே குடியிருந்த இனத்தவர் மாறினர். ஒரு நாட்டவர் போக மற்றொரு நாட்டவர் வந்தனர். ஆயினும் அப்பகுதியின் குற்றத்தொகை குறையவில்லை. குற்றம் இரத்தத்திலே இல்லை, வாழும் சூழலிலே உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? 1942 இல் வெளியான அவர்களது நூல் இன்றும் குற்றவியல் மாணவர் கற்கும் பாடங்களுள் ஒன்று.

எட்வின் சதலண்ட் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். 1939 இலே அமெரிக்கச் சமூகவியற் சங்கத்தின் தலைமையுரையை நிகழ்த்திய அவர், குற்றம் வறுமையின் விளைவு என்று கூறும் ஆய்வாளர் சிறைக்குள் அகப்பட்டவரை மட்டுமே எண்ணுகின்றனர் என்று சுட்டிக்காட்டினார். வெள்ளைக் கழுத்துப்பட்டி அணிந்த கனவான்கள், தம் தொழிலின் போக்கிலேயே இழைக்கும் குற்றங்களை எந்தப் பொலிஸ் புள்ளிவிவரம் காட்டுகிறது என்பது அவர் எழுப்பிய வினா. 1949 இல் வெளியான நூலிலே 70 பெருங் கம்பனிகளை அவர் ஆராய்ந்தார். அவற்றுக்கு எதிராக நீதிமன்றங்களும் அரச சபைகளும் வழங்கிய தீர்ப்புகள் 980. சராசரியாக ஒரு கம்பனிக்கு 14! தெருத்திருடன் ஒருவனுக்கு 14 தீர்ப்புகள் இருப்பின் அவனைப் பழங்குற்றவாளி என்று ஏட்டிலே எழுதியிருப்பார்கள். ஆனால் வழக்குக்கு அஞ்சிய பதிப்பகத்தாரின் வற்புறுத்தலால், அக்கம்பனிகளின் பெயர்கள் நூலினின்றும் அகற்றப்பட்டன. பெயர்களோடு கூடிய முழுநூல் வெளிவந்தது 1983 இலே. ஆசிரியர் இறந்து 33 ஆண்டுகள் கழிந்த பின்னர். கைதியின் மண்டையோட்டைப் பெயர் கூறிக் கண்ணாடிப் பேழையிலே வைக்க முடிந்தது. கம்பனியின் பெயரை அச்சிலே வைக்க முடியவில்லை.

இவ்வாறு நூல்களிலே வளர்ந்த சிந்தனை, பட்டப்படிப்பாக உருப்பெற்ற கதைக்கு இனி வருவோம். இதற்கு நாம் மீண்டும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்கும், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெர்க்லி நகரத்துக்கும் செல்லவேண்டும்.

ஓகஸ்ட் வொல்மர் அந்நகரத்திலே தபாற்காரராக இருந்தவர். அதற்கு முன்னர், 1898 இல், அமெரிக்கப் படையோடு பிலிப்பைன்ஸுக்குச் சென்று போரிட்டவர். 1905 இல் நகரத்தின் காவற்றலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். பிலிப்பைன்ஸிலே கற்றுக்கொண்ட இராணுவ ஒழுங்கை அவர் நகரப் பொலிஸுக்குக் கொண்டுவந்தார் என்பதை அண்மைக்கால வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். காலனியை அடக்கிய கலை, தாய்நாட்டுத் தெருக்களுக்குத் திரும்பி வந்தது. ஆயினும் வொல்மரை வெறும் அடக்குமுறையாளர் என்று ஒதுக்கிவிட முடியாது. அடித்து உதைத்து வாக்குமூலம் பெறுவதை அவர் வெறுத்தார். போதைப்பொருளுக்கு அடிமையானவன் பொலிஸுக்கு உரியவனல்லன், வைத்தியனுக்கு உரியவன் என்று 1936 இலேயே எழுதினார். உயர்கல்வி கல்லாத அவர், பொலிஸார் பல்கலைக்கழகத்திலே கற்றவராயிருக்க வேண்டும் என்று கனவு கண்டார். 1916 இல், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் கோடைகால வகுப்புகளிலே அவருடைய முயற்சியாற் குற்றவியல் ஒரு பாடமாயிற்று. 1950 இல் அப்பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலே குற்றவியலுக்கெனத் தனிப்பள்ளி நிறுவப்பட்டது. அதன் முதற் பீடாதிபதி வொல்மரின் மாணவரும் பொலிஸ் அதிகாரியுமான ஒ. டபிள்யூ. வில்சன். 1960 இலே அவர் பதவியை விட்டது சிக்காகோ நகரத்துப் பொலிஸுக்குத் தலைமை தாங்குவதற்காகவே. அவருக்குப் பின் வந்த யோசெப் லோமன், முன்னர் சிக்காகோ நகரம் அமைந்த குக் மாவட்டத்தின் ஷெரிப்பாக இருந்தவர். பொலிஸிலே சேருவதற்கா என்ற நம்மவர் கேள்வி பொருளற்றதன்று என்பது இப்பொழுது விளங்கும்.

லோமனின் காலத்திலே சமூகவியல், உளவியல், சட்டம் முதலிய துறைகளின் அறிஞர் அப்பள்ளிக்கு வந்தனர். 1965 இல் மாணவர்களே ஒரு குற்றவியல் ஆய்விதழைத் தொடங்கினர். அப்பொழுது பெர்க்லி கொந்தளித்துக்கொண்டிருந்தது. வியட்நாம் போருக்கு எதிரான கிளர்ச்சி, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், பேச்சுச் சுதந்திரத்துக்கான மாணவர் இயக்கம் ஆகியவை வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடவில்லை. காலையிலே பொலிஸ் நிர்வாகம் பற்றிய பாடத்தைக் கேட்ட மாணவன், மாலையிலே அதே பொலிஸாரின் குண்டாந்தடியைத் தெருவிலே சந்தித்தான். பாடநூலும் தெருவும் ஒன்றையொன்று மறுத்தபோது மாணவர் தெருவையும் பாடமாக வைத்து ஆராயத் தலைப்பட்டனர்.

ஆசிரியர் சிலரும் அவர்களோடு நின்றனர். ஹேர்மன் சுவெண்டிங்கரும் யூலியா சுவெண்டிங்கரும் 1970 இல் வெளியிட்ட கட்டுரையிலே, குற்றம் எது என்பதைச் சட்டப் புத்தகத்தைக் கொண்டன்றி, மனித உரிமைகளைக் கொண்டு வரையறுத்தல் வேண்டும் என்று வாதிட்டனர். இனவெறியும் ஏகாதிபத்தியமும் அவ்வரையறையிலே குற்றங்களாயின. அந்தனி பிளாட், சிறுவர் நீதிமன்றங்களைத் தோற்றுவித்த கருணையாளரின் வரலாற்றை 1969 இல் எழுதி, அக்கருணைக்குள்ளே ஏழைச் சிறுவரைக் கட்டுப்படுத்தும் வேட்கை மறைந்திருந்தமையை வெளிப்படுத்தினார்.

போல் தகாகியின் வாழ்வே ஒரு பாடம். ஜப்பானிய வம்சத்தவரான அவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே, குற்றம் எதுவும் செய்யாத ஏறத்தாழ 120,000 பேரோடு அமெரிக்க அரசினால் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டவர். பின்னர் சிறையினின்று நன்னடத்தைப் பிணையில் வெளிவருவோரைக் கண்காணிக்கும் அதிகாரியாகப் பணியாற்றினார். பேராசிரியரான பின் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள், பொலிஸாரின் கையாற் கொல்லப்பட்டோர் பற்றியது. 1974 இல் வெளியான அவரது கட்டுரை, கறுப்பின ஆண்கள் வெள்ளை ஆண்களைப் போல 9 முதல் 10 மடங்கு விகிதத்திலே பொலிஸாராற் கொல்லப்பட்டனர் என்று காட்டியது. அரசின் மரணப் பதிவேடுகளே அதற்கு ஆதாரம். லொம்புறோசோ கைக்கொண்ட எண்ணிக்கை முறையைத்தான் தகாகியும் கையாண்டார். வேறுபாடு, எண்ணப்பட்டவர் யார் என்பதிலேதான்.

அதே காலத்திலே சிறைச்சாலைகளும் தீப்பற்றி எரிந்தன. 1971 செப்டெம்பரிலே நியூயோர்க் மாநிலத்து அற்றிக்காச் சிறையில், மனிதராக நடத்தப்பட வேண்டும் என்று கோரிக் கைதிகள் கிளர்ந்தனர். நான்கு நாட்களின் பின் அரசு படைக்கலத்தோடு உட்புகுந்தது. அக்கிளர்ச்சியில் இறந்தோர் 43 பேர். அவர்களுட் பெரும்பாலானோர் கைதிகளும் சிறையலுவலர்களுமாவர். பெரும்பகுதியினர் மாண்டது அரசதரப்பின் துப்பாக்கிக் குண்டுகளாலேயே. சிறையைப் பற்றிப் பட்டம் பெற வந்த மாணவன், இதனைப் பாடத்துக்குப் புறம்பானது என்று எவ்வாறு தள்ளிவிட இயலும்?

ஆனால் பல்கலைக்கழக நிர்வாகம் வேறு விதமாக எண்ணியது. கலிபோர்ணியாவின் ஆளுநராக அன்று இருந்தவர், மாணவர் இயக்கத்தைக் கண்டித்தே 1966 இல் தேர்தல் வெற்றி கண்ட றொனால்ட் றீகன். பிளாட்டுக்கு நிரந்தரப் பதவி மறுக்கப்பட்டது. குற்றவியற் பள்ளியின் கல்வித்தரம் போதாது, தொழிற்பயிற்சிக்குப் பல்கலைக்கழகம் ஏற்ற இடமன்று என்று காரணங்கள் கூறப்பட்டன. அக்காரணங்களிலே உண்மை சிறிதும் இல்லை என்று நாம் கூறவில்லை. பொலிஸ் பயிற்சிக்கும் புலமை ஆய்வுக்கும் இடையிலான முரண்பாடு அப்பள்ளியிலே தொடக்கம் முதல் இருந்து வந்ததே. ஆனால் பொலிஸ் அதிகாரிகள் அதற்குத் தலைமை தாங்கிய ஆண்டுகளிலே அம்முரண்பாடு பொறுத்துக்கொள்ளப்பட்டது. பொலிஸாரை ஆராயத் தொடங்கிய பின்னரே அது பொறுக்கவொண்ணாததாயிற்று. மாணவர் பெருந்திரளாக எதிர்த்தனர். பயன் விளையவில்லை. 1976 இல் பெர்க்லிக் குற்றவியற் பள்ளி மூடப்பட்டது.

ஒரு கதவு மூடப்பட்ட அதே காலத்தில் நூறு கதவுகள் திறந்தன என்பதையும் கூறவேண்டும். 1967 இல் அமெரிக்க ஜனாதிபதியின் குற்றத்தடுப்பு ஆணைக்குழு, பொலிஸார் பட்டம் பெற்றவராயிருத்தல் விரும்பத்தக்கது என்று பரிந்துரைத்தது. 1968 இன் சட்டமொன்று, பொலிஸாரும் சிறையலுவலரும் கல்லூரியிலே கற்பதற்குக் கடனும் நன்கொடையும் வழங்க வகைசெய்தது. பணம் வந்த இடத்திலே பாடநெறிகள் பெருகின. குற்றவியல் நீதி நிர்வாகம் என்ற பெயரிலே எழுந்த பல துறைகள், ஏன் என்று கேட்பதைவிட எவ்வாறு என்று பயிற்றுவதையே மேற்கொண்டன. கல்வியின் திசையைப் பாடநூலாசிரியர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்குச் செலவு செய்பவரும் தீர்மானிக்கின்றனர் என்பதற்கு இது நல்லதோர் உதாரணம். எனினும் பெர்க்லியிற் கேட்கப்பட்ட கேள்விகள் அதனோடு மாண்டுவிடவில்லை. 1973 இலே இங்கிலாந்தின் இளம் ஆய்வாளர் மூவர் புதிய குற்றவியல் என்ற நூலை வெளியிட்டு அவற்றைத் தொடர்ந்தனர். இன்று எந்தப் பல்கலைக்கழகத்துக் குற்றவியல் மாணவனும் அவற்றைக் கேளாது பட்டம் பெறுதல் அரிது.

இவையெல்லாம் கடல்கடந்த நாடுகளின் கதை என்று நாம் அமைதியடைந்துவிடலாகாது. குற்றவியல் நம் நாட்டு அரசின் வாசலுக்கு வந்து, செவிசாய்க்கப்படாது திரும்பிய நிகழ்ச்சியொன்று உண்டு.

1956 இலே பதவிக்கு வந்த பண்டாரநாயக்க அரசாங்கம் தூக்குத் தண்டனையை நிறுத்தி வைத்தது; 1958 இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. மரண தண்டனை பற்றி ஆராய ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதற்குத் தலைமை வகித்தவர் அவுஸ்திரேலியாவிலே குற்றவியற் கல்வியை நிறுவ உழைத்தோருள் ஒருவரான நோர்வல் மொறிஸ். தூக்குமரம் கொலையைத் தடுக்கின்றது என்பதற்குத் தக்க சான்றில்லை என்று கண்ட ஆணைக்குழு, நிறுத்தி வைத்ததைத் தொடருமாறு 1959 இல் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 25 ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு, மறுநாள் உயிர்நீத்தார். நாடு கொதித்தது. ஆண்டு முடிவதற்குள் தூக்குத் தண்டனை மீட்கப்பட்டது. பொறுமையாகச் சேர்க்கப்பட்ட சான்றுகள் அனைத்தையும் ஒரு கைத்துப்பாக்கியின் ஓசை அமிழ்த்திவிட்டது. 1962 யூலை 6 ஆம் நாள் கொலையாளியான சோமராம தூக்கிலிடப்பட்டார். சதியிலே பங்குகொண்டோர் எனத் தீர்க்கப்பட்ட ஏனைய இருவரோ, மீட்கப்பட்ட சட்டத்தின் வாசகம் சதிக்குற்றத்தை முன்தேதியிட்டுத் தழுவாமையால், ஆயுட்சிறையோடு தப்பினர். சுட்ட கைக்குக் கயிறு. சூழ்ந்த மூளைக்குச் சிறை!

1976 யூன் மாதத்துக்குப் பின் இந்நாட்டிலே எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் தண்டனை ஏட்டிலே இருக்கின்றது. மக்கள் சினமுறும் போதெல்லாம் அரசியல்வாதிகள் அதனைத் தூசிதட்டி எடுக்கின்றனர். 2019 இலே போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணையிலே ஜனாதிபதி ஒப்பமிட்டபோது, உயர்நீதிமன்றமே இடைநிறுத்த உத்தரவிட்டது. 1959 இன் அறிக்கையைப் படித்த ஒரு தலைமுறை நம்மிடையே இருந்திருப்பின், அவ்விவாதம் இன்னும் சற்று அறிவோடு நடந்திருக்கும்.

இன்னுமொன்று. 1983 யூலை 25 ஆம் நாளிலும் 27 ஆம் நாளிலும், கொழும்பு வெலிக்கடைச் சிறைச்சாலைக்குள்ளே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அரசின் சுவர்களுக்குள், அரசின் காவலில் இருந்தவர்கள் அவர்கள். அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கொலையுண்டவருட் சிலர் குற்றவாளிகள் என ஏட்டிலே எழுதப்பட்டிருந்தனர். கொன்றவர் எவரும் அவ்வாறு எழுதப்படவில்லை. குற்றத்தொகையைக் கணக்கிடும் அட்டவணையைப் படிக்கும் மாணவனுக்கு, அவ்வட்டவணையிலே எது எழுதப்படுகின்றது, எது விடப்படுகின்றது என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதே குற்றவியலின் முதற் கடமை என்பதை இதனினும் வலுவாக எந்நிகழ்ச்சி உணர்த்தும்?

இன்று ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலே குற்றவியல் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டிலே சென்னையிலும் திருநெல்வேலியிலும் அதற்கெனத் தனித்துறைகள் உள. இத்துறையை நாடும் பிள்ளைகளை நாம் தடுக்கவேண்டியதில்லை; வரவேற்கவே வேண்டும். அவர்களுட் சிலர் பொலிஸிலே சேரட்டும். அடிக்காமல் விசாரிக்கக் கற்ற பொலிஸ்காரர் நமக்கு வேண்டும். சிலர் சிறைச்சாலை அலுவலராகட்டும், சிலர் நன்னடத்தை அதிகாரிகளாகட்டும், சிலர் ஆய்வாளராகட்டும். ஆனால் எங்கே சென்றாலும் அவர்கள் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்.

நமது சிறைச்சாலைகளுக்குள் தண்டனை பெற்றுப் புகுவோரிலே பெருந்தொகையினர், விதிக்கப்பட்ட தண்டப்பணத்தைச் செலுத்த வழியின்மையாலேயே புகுகின்றனர். ஒரே நீதிமன்றம், ஒரே நாள், ஒரே தீர்ப்பு. பணமுள்ளவன் பற்றுச்சீட்டோடு வீட்டுக்குப் போகிறான். பணமில்லாதவன் சிறைவண்டியில் ஏறுகிறான். மாலையிலே சிறைக்குள் சென்று, அங்கே இருப்பவனை அளந்து, குற்றவாளிகளின் இயல்பு இதுவென்று எழுதுவது ஒரு குற்றவியல். காலையிலே நீதிமன்ற வாசலில் நின்று, அவ்விருவரும் பிரிந்து சென்ற இடத்தைக் குறித்துக்கொள்வது மற்றொரு குற்றவியல். முன்னையது லொம்புறோசோவின் வழி. பின்னையது பெக்காரியாவின் கள்வன் கேட்ட கேள்விக்கு விடைதேடும் வழி. நம் பிள்ளைகள் பின்னையதையும் கற்று வரட்டும். அவ்வாறு கற்று வந்தவரிடம், பொலிஸிலே சேருவதற்கா என்று நாம் கேட்டால், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் நீதிக்காகவே கற்றேன் என்று அவர் விடை கூறுவார்.